லேம்ப் எத்தனை மணி நேரம் ஓடியது?

எங்கள் வீட்டு ஹாலில் பத்து வருடத்துக்கு மேல் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்த ப்ரொஜெக்டரைப் போன மாதம் விற்றுவிட்டேன். 2014-ல் 78,000 ரூபாய் கொடுத்து வாங்கியது. நூறு அங்குலத் திரையில் எத்தனையோ சிவாஜி படங்கள் பார்த்தோம். 2019 உலகக் கோப்பை அரையிறுதியில் தோனி ரன் அவுட் ஆனதையும் அதே நூறு அங்குலத்தில் பார்த்துத் தொலைத்தோம். 55 அங்குல டிவி வந்த பிறகு, பட்டப்பகலில் ஜன்னலை மூட வீட்டுக்காரி அனுமதிப்பதில்லை. பேரனுக்கோ கையகல போனே போதும்.

ப்ராக்கெட்டைக் கழற்ற வந்த பையன்தான் முதலில் அந்த யோசனையைச் சொன்னான். "சார், லேம்ப் 3,140 மணி நேரம் காட்டுது. விக்கிறதுக்கு முன்னாடி மெனுவில ரீசெட் பண்ணிடுங்க. ஜீரோன்னு வந்துடும். யாருக்குத் தெரியப்போவுது?"

என் மகனும், "எல்லாரும் செய்யறதுதாம்ப்பா" என்றான்.

விஷயம் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். என்னுடையது போன்ற பழைய ப்ரொஜெக்டரில் இருப்பது பாதரச ஆவி விளக்கு. எத்தனை மணி நேரம் எரிந்தது என்று மெஷினே கணக்கு வைத்துக்கொள்ளும். என் மாடலுக்கு ஆயுள் 4,000 மணி என்று போட்டிருந்தது. அதற்கு அர்த்தம் 4,000 மணி வரை பளிச்சென்று எரியும் என்பதல்ல. அதற்குள் வெளிச்சம் பாதியாகக் குறைந்துவிடும் என்பதுதான். ரீசெட் வசதியைக் கொடுத்திருப்பது புது லேம்ப் போட்டால் கணக்கைப் புதிதாகத் தொடங்க. பழைய லேம்பை உள்ளே வைத்துக்கொண்டு அதை அழுத்துவது, பழைய காரை விற்கும்போது கிலோமீட்டர் மீட்டரைத் திருப்பி வைக்கிற அதே வேலைதான். காரில் செய்தால் மோசடி என்கிறோம், இதில் செய்தால் சாமர்த்தியம் என்கிறோம்.

நான் ரீசெட் செய்யவில்லை. விளம்பரத்திலேயே 3,140 மணி என்று போட்டேன். இருட்டான காட்சிகளில் வலது மூலையில் நீலமாக ஒரு திட்டுத் தெரியும், உள்ளே தூசி போயிருக்கிறது என்றும் எழுதினேன். விலை 14,000. மகன் 25,000 போடச் சொன்னான். 78,000 கொடுத்து வாங்கியது என் சந்தோஷத்துக்கு. அதை வருகிறவன் தலையில் ஏன் கட்ட வேண்டும்?

முதலில் போன் செய்தவர் பேரமே பேசவில்லை. ராணுவத்தில் இருக்கிறாராம், ஆள் அனுப்பி எடுத்துக்கொள்வாராம். ஒரு க்யூஆர் கோடு அனுப்புகிறேன், ஸ்கேன் பண்ணி உங்கள் பின் நம்பரைப் போட்டால் பணம் வந்துவிடும் என்றார். என் வயதுக்காரர்கள் இதை மட்டும் மறக்கக் கூடாது: பணம் வாங்குவதற்குப் பின் நம்பர் தேவையே இல்லை. அதைப் போட்டால் போவது நம் பணம். வைத்துவிட்டேன்.

மூன்றாம் நாள் ஒரு தம்பி ஸ்கூட்டரில் வந்தான். அப்பாவுக்குக் கண் மங்கல், டிவியில் முகம் பிடிபடவில்லையாம். சுவர் முழுக்கக் காட்டினால் தெரியுமா என்று பார்க்கத்தான் வாங்குகிறானாம். அரை மணி நேரம் ஓடவிட்டுக் காட்டினேன். வெள்ளைத் திரையைப் போட்டு மஞ்சள் படிந்திருக்கிறதா பார்க்கச் சொன்னேன், கறுப்பைப் போட்டு அந்த நீலத் திட்டையும் காட்டினேன்.

"தம்பி, தினம் மூணு மணி நேரம் போட்டா ஒன்பது பத்து மாசம். அப்புறம் மங்கிடும். ஒரிஜினல் லேம்ப் 11,000 சொல்றாங்க."

அவன் முகம் சுருங்கியது. கையில் 12,000-தான் கொண்டுவந்திருந்தான். எனக்கே ஒரு கணம், வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாமோ என்று தோன்றியது, பொய் சொல்லவில்லை. ஆனால் அந்தக் கண் மங்கிய மனிதர் அடுத்த வருஷம் மங்கிய சுவரைப் பார்த்து, தன் பார்வைதான் இன்னும் மோசமாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டிருப்பார்.

"9,000 குடுத்துட்டு எடுத்துக்கப்பா. மிச்சத்தை லேம்புக்கு வை" என்றேன்.

"நஷ்டம்" என்று மகன் இன்றுவரை சொல்கிறான். அவன் கணக்கில் சரிதான்.

அணைத்தவுடனே ப்ளக்கைப் பிடுங்காதே, ஃபேன் ஓடி அடங்கட்டும் என்றும், மாதம் ஒருமுறை ஃபில்டரைத் தட்டித் துடைக்கும்படியும் சொல்லி அனுப்பினேன். திரையை மட்டும் அவன் எடுத்துப் போகவில்லை. சுருட்டினாலும் ஏழடி நீளம், ஸ்கூட்டரில் எப்படிப் போகும்? வெள்ளைச் சுவரே போதும் என்றுவிட்டான். இப்போது அது பீரோவுக்குப் பின்னால் நிற்கிறது. யாருக்காவது வேண்டுமென்றால் இலவசம், வண்டி மட்டும் நீங்கள் கொண்டுவர வேண்டும். கீழ் ஓரத்தில் ஒரு காப்பிக் கறை உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன்.