தீராத கணக்கு



இயக்குநர் பாலாவின் ‘பரதேசி’ திரைப்படம் 2013இல் வெளிவந்தது. நம்மில் பலர் அதை ஒரே ஒரு காட்சிக்காகவே நினைவில் வைத்திருக்கிறோம். தேயிலைத் தோட்டத்தில் கொள்ளைநோயால் மக்கள் மடிந்துகொண்டிருக்கையில், அங்கு வரும் கிறிஸ்தவ மருத்துவர் ஆடிப்பாடி மதம் பரப்புகிறவராகக் காட்டப்படுகிறார். அதைக் கண்டு நானும் மனம் நொந்தேன். அச்சித்திரிப்பு நியாயமானதன்று என்பதே இன்றும் என் எண்ணம்.

அதற்குக் காரணம் உண்டு. அப்படம் பி. எச். டேனியல் எழுதி 1969இல் வெளிவந்த ‘ரெட் டீ’ என்னும் ஆங்கில நாவலைத் தழுவியது. இரா. முருகவேளின் மொழிபெயர்ப்பில் அது ‘எரியும் பனிக்காடு’. டேனியல் தோட்டங்களில் மருத்துவராகப் பணியாற்றியவர். தொழிலாளருக்குச் சங்கம் அமையப் பாடுபட்டவர். அவருடைய நாவலில் வரும் ஆபிரகாம் என்னும் மருத்துவர் தொழிலாளர்மேல் மனமிரங்கி, அவர்கள் உயிரைக் காக்கப் போராடுகிறார். நாவலில் இருந்த அந்த மனிதரைத் திரையில் காணோம்.

ஆயினும், பிரியமானவர்களே, நம்மை நாமே ஒன்று கேட்டுக்கொள்வோம். நம் கோபம் ஏன் அந்த ஒரு காட்சியோடு நின்றுபோயிற்று?

பஞ்சத்தில் வாடிய ஊருக்குள் கங்காணி வருகிறான். முன்பணம் கொடுத்து, கைநாட்டு வாங்கி, மலைக்கு அழைத்துப்போகிறான். ஆண்டு முடிவில் கணக்குப் பார்க்கும்போது, உழைத்தவன் கையில் கூலி இல்லை, கடனே மிஞ்சுகிறது. தப்பியோட முயன்ற ராசாவின் குதிகால் நரம்பை அறுக்கிறார்கள். அந்தக் காட்சியில் நாம் கொதித்தோமா? நம் பெயருக்கு நேர்ந்த இழுக்கு நம்மைச் சுட்ட அளவுக்கு, அந்த மனிதனின் வேதனை நம்மைச் சுட்டதா?

ஏமாற்றிப் பிடித்துவைத்த கூலி கூக்குரலிடுகிறது என்றும், அறுத்தவர்களின் அழுகை சேனைகளுடைய கர்த்தரின் செவியில் எட்டுகிறது என்றும் யாக்கோபு தம் நிருபத்தின் ஐந்தாம் அதிகாரத்தில் எச்சரிக்கிறார். அந்த எச்சரிப்பு தோட்டத்துரைமாருக்கு மட்டும் உரியதன்று. நம் வீட்டில் வேலை செய்யும் சகோதரிக்கு முன்பணம் கொடுத்துவிட்டு, அதைச் சொல்லியே அவரை நம் வாசலில் கட்டிப்போட்டிருக்கிறோமா? நம் கடையிலும் வயலிலும் உழைப்பவருக்குரிய கூலியை நாளைக்கு நாளை என்று தள்ளிப்போடுகிறோமா? அப்படியானால் கங்காணியின் கணக்குப் புத்தகம் நம் கையிலும் இருக்கிறது.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லவேண்டும். பசித்தவனுக்கு அப்பத்தை நீட்டும்போதே அவனுடைய விசுவாசத்தைக் கைமாறாக எதிர்பார்க்கும் ஊழியம் எங்கேனும் இருந்தால், அந்தத் திரைக்காட்சியை நாமே மெய்யாக்குகிறவர்களாவோம். நல்ல சமாரியன் காயம் கட்டினான்; சத்திரத்துக்குப் பணமும் கொடுத்தான்; பதிலுக்கு எதையும் கேட்கவில்லை.

ஒரு திரைப்படம் நம்மைத் தவறாகக் காட்டினால், கண்டன அறிக்கை ஒரு பதில். நாவலின் ஆபிரகாமைப்போல் எளியவர் பக்கம் நிற்கும் வாழ்க்கை அதனினும் மேலான பதில். அறிக்கையை நாலு பேர் வாசிப்பார்கள். வாழ்க்கையை ஊரே வாசிக்கும்.

ஆகையால், இந்த ஓய்வுநாளில் திருவிருந்துக்கு வருமுன், நீங்கள் ஒருவருக்குக் கொடுக்கவேண்டிய கூலி எதுவாயினும் கொடுத்துத் தீர்த்துவிட்டு வாருங்கள். சுமக்கமுடியாத கடன் ஏதேனும் உங்கள் ஏட்டில் ஓர் ஏழையின் பெயரில் இருந்தால், அதை அடித்துவிடுங்கள்.

நம் கடனையெல்லாம் மன்னித்த தேவன் அதற்கான மனதை நமக்குத் தந்தருள்வாராக. ஆமென்.