விதைநெல்லைத் தோண்டிப் பார்க்கலாமா?

மட்டக்களப்பை மீன்பாடும் தேனாடு என்று கூறிப் பெருமை கொள்கிறோம். நிலாக்காலத்திற் கல்லடிப் பாலத்தருகே தோணியை நிறுத்தி, நீரில் ஊன்றிய துடுப்பிற் காதை வைத்து அவ்வொலியைக் கேட்டவர் நம்முட் பலர். ஆனால், "மீன் என்ன பாட்டுப் பாடுகிறது?" என்று முதலாந் தரத்துப் பிள்ளை வகுப்பிற் கேட்டால் நாம் கூறும் விடை யாது? "அது சோதனைக்கு வராது, எழுது" என்பதேயன்றோ!

ஐந்தாந் தரப் புலமைப்பரிசிற் பரீட்சையால் ஏழை உழவர் வீட்டுப் பிள்ளைகள் உயர்ந்ததை யாம் மறுக்கவில்லை. ஆயினும் பத்து வயதிற்குரிய பரீட்சையின் நிழல் ஆறு வயதுப் பிள்ளையின் மீது விழுவதற்கு நியாயம் ஏது?

சட்டம் பிள்ளையின் பக்கமே நிற்கிறது. விளையாட்டும் கலையும் பிள்ளையின் உரிமை என்று 1989ஆம் ஆண்டின் சிறுவர் உரிமைச் சமவாயம் 31ஆம் உறுப்புரையிற் கூறுகிறது. இலங்கை 1991இல் அதனை ஏற்றுறுதி செய்தது. 1999இல் நாடெங்கும் நடைமுறைக்கு வந்த ஆரம்பக் கல்விச் சீர்திருத்தமும் முதலிரு தரங்களில் விளையாட்டுவழிக் கற்றலுக்கே முதலிடம் அளித்தது. ஏட்டில் உள்ள உரிமையை வகுப்பறையிற் பறிப்பவர் பிறரல்லர். அவசரப்படும் பெற்றோராகிய நாமே.

கற்பனை சோறு போடுமா என்பார்க்கு ஒன்று கூறுவோம். பன்னூறாண்டுகளுக்கு முன் வழக்கொழிந்த யாழை, இலக்கியச் சான்றும் கணக்கும் கொண்டு மீட்டுரைத்து 1947இல் 'யாழ் நூல்' தந்தவர் காரைதீவிற் பிறந்த விபுலானந்த அடிகள். அவர் விஞ்ஞானப் பட்டதாரி. காணாததைக் கருத்திற் காண வல்லவர்க்கே கணக்கும் கைகொடுக்கும். போர்க்காலத்தில், 1996இல், மட்டக்களப்பில் எழுந்த வண்ணத்துப்பூச்சிப் பூங்காவிலே தமிழ், முஸ்லிம் பிள்ளைகள் ஒன்றுகூடிக் களிமண்ணிலும் வண்ணத்திலும் கதையிலும் மனப்புண் ஆறினர். அன்று மருந்தாயிருந்தது இன்று வீண்பொழுது ஆகுமோ?

ஆதலின் நாம் வேண்டுவன இரண்டே. முதலிரு தரப் பிள்ளைகளைப் பரீட்சைக்கான தனியார் வகுப்புகளுக்கு அனுப்பற்க. பாடசாலையில் நாளொன்றுக்கு ஒரு பாடவேளையைக் கதைக்கும் கூத்துக்கும் ஒதுக்குக; ஊர் அண்ணாவியாரையும் கதை சொல்லும் பாட்டிமாரையும் அங்கு அழைத்து வருக. இதற்குப் பொருட்செலவு வேண்டியதில்லை, மனமே வேண்டும்.

முளைத்ததா என்று நாள்தோறும் விதைநெல்லைத் தோண்டிப் பார்க்கும் உழவன் படுவான்கரையில் ஒருவனும் இலன். வயலுக்குக் காட்டும் அப்பொறுமையைப் பெற்ற பிள்ளைக்குக் காட்ட மாட்டோமா?