இடக்கரடக்கல் போதும்

அவையில் சொல்லத் தகாததை வேறொரு சொல்லால் மறைத்துச் சொல்வதற்கு இடக்கரடக்கல் என்று பெயர். 'கால் கழுவி வந்தேன்' என்பது நாங்கள் வகுப்பில் வழக்கமாகத் தரும் எடுத்துக்காட்டு. நன்னூல் அதைத் தகுதி வழக்கில் சேர்க்கிறது. அதன் பக்கத்திலேயே குழூஉக்குறியும் இருக்கிறது. ஒரு கூட்டத்தார் தமக்குள் மட்டும் வழங்கிக்கொள்ளும் சொல் அது. இணைய விளையாட்டில் பெண்கள்மீது எறியப்படும் வசைகளைப் பற்றி நம் சமூகம் பேசும்போதெல்லாம் இந்த இரண்டு வழக்குகளும்தான் என் நினைவுக்கு வருகின்றன. எறிகிறவர்கள் அதைக் குழூஉக்குறி என்கிறார்கள். கேட்கிறவர்கள் இடக்கரடக்கலால் மூடுகிறார்கள். இடையில் அடிபட்ட பெண் காணாமல் போகிறாள்.

2021 ஜூனில் இதுதான் நடந்தது. சேலத்தைச் சேர்ந்த மதன் என்பவர் தடை செய்யப்பட்ட பப்ஜியை யூடியூப் நேரலையில் ஆடிக்கொண்டே பெண்களை இழிவாகப் பேசினார். பார்த்தவர்கள் லட்சக்கணக்கானோர், அவர்களில் பள்ளி மாணவர்கள் ஏராளம். அவருடைய சேனல்களில் ஒன்றின் பெயரே 'டாக்சிக் மதன் 18+'. நச்சு என்பதை அவர் பெயர்ப்பலகையாக மாட்டியிருந்தார். புகார்கள் குவிந்தன. முன்ஜாமீன் மனு உயர் நீதிமன்றத்துக்கு வந்தபோது, அந்தப் பேச்சைக் கேட்டுவிட்டு வந்து வாதிடுமாறு நீதிபதி வழக்கறிஞரிடம் சொன்னார். மறுநாள், ஜூன் 18 அன்று, தருமபுரியில் மதன் கைதானார். சொகுசு கார்கள் பறிமுதலாயின. வங்கிக் கணக்கு முடக்கப்பட்டது. அடுத்த மாதம் குண்டர் சட்டம் பாய்ந்தது. வழக்கின் முடிவு நீதிமன்றத்தின் வேலை. அந்த நாள்களில் நாம் பேசிய மொழிதான் என் கவலை.

தலைப்புகள் எல்லாமே 'ஆபாசப் பேச்சு' என்றன. ஆபாசம் என்பது கேட்கிறவரின் கூச்சத்தைக் குறிக்கும் சொல். யாரை நோக்கிப் பேசப்பட்டது, எதற்காக, அவளுக்கு என்ன ஆனது என்ற எதையும் அது சொல்வதில்லை. அந்தச் சொல்லின்படி பாதிக்கப்பட்டவர்கள் பண்பாடும் சிறுவர்களின் மனமும் குடும்பங்களின் மானமும்தான். வசை வாங்கிய பெண்ணுக்கு அந்தப் பட்டியலில் இடமில்லை. நீதிமன்றத்தில் ஒரு முறை கேட்கவே கூசிய பேச்சை இரவுதோறும் காதில் வாங்கிய பெண்கள் இருந்தார்கள். அவர்களை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் 'நீ எதற்கு அங்கே போனாய்' என்றுதான் கேட்டிருப்பார்கள்.

விளையாட்டு கொரியாவில் பிறந்தது. அதன் கைபேசி வடிவத்தை உருவாக்கியதில் சீன நிறுவனத்துக்குப் பங்குண்டு. ஆனால் அதில் ஒலித்த வசை எங்கிருந்தும் இறக்குமதியாகவில்லை. அது நம் வீட்டுச் சரக்கு. பரமத்தி வேலூரைச் சுற்றி வாழைத் தோட்டங்களும் வெற்றிலைக் கொடிக்கால்களும் வெல்லம் காய்ச்சும் ஆலைகளும் உண்டு. அங்கே கூலிக்குப் போகும் பெண்களைக் கேளுங்கள். வேலை தாமதமானால் என்ன சொல்லால் அழைக்கப்படுகிறார்கள், அந்தச் சொல்லோடு எந்தச் சாதிப் பெயர் சேர்ந்து வருகிறது என்று சொல்வார்கள். ஒருவனைத் திட்ட அவன் அம்மாவை இழுக்கிறோம். இன்னொருவனை அவமதிக்க அவன் தங்கையின் உடலை இழுக்கிறோம். இரண்டு ஆண்களின் சண்டையில் அடி எப்போதும் அங்கே இல்லாத ஒரு பெண்ணின்மேல்தான் விழுகிறது. மதன் புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை. தோட்டத்திலும் பேருந்து நிலையத்திலும் இலவசமாகக் கிடைத்ததை நேரலையில் வைத்து விற்றார். கேட்டவர்கள் சூப்பர்சாட்டில் பணம் அனுப்பினார்கள். வாங்க ஆளிருந்ததால்தான் கடை ஓடியது.

இதற்கு அரசு என்ன செய்தது? 2020 செப்டம்பர் 2 அன்று பப்ஜி உட்பட 118 செயலிகளைத் தடை செய்தது. காரணம் நாட்டின் இறையாண்மையும் பாதுகாப்பும். மதன் கைதான இரண்டே வாரத்தில், 2021 ஜூலை 2 அன்று, அதே விளையாட்டு இந்தியப் பெயர் சூட்டிக்கொண்டு முறைப்படி திரும்பி வந்தது. தமிழ்நாடு 2022இல் இணையச் சூதாட்டத்துக்கு எதிராகச் சட்டம் இயற்றியது. பணம் கட்டி ஆடும் விளையாட்டுகளுக்கு 2025இல் நள்ளிரவு முதல் காலை 5 மணி வரை தடை வந்தது. அதே ஆண்டு ஒன்றிய அரசு பண விளையாட்டுகளையே தடை செய்து, மின் விளையாட்டுகளை ஊக்குவிக்கப்போவதாகச் சொன்னது. கடனில் மாண்டவர்களின் குடும்பங்களுக்கு அந்தச் சட்டங்கள் தேவைதான், மறுக்கவில்லை. ஆனால் ஆணின் பணம் போனால் சட்டம் பிறக்கிறது. பெண்ணின் குரல் போனால் அறிவுரைதான் பிறக்கிறது.

குரல் போவது எப்படி என்று என் மாணவிகளுக்குத் தெரியும். நான்கு பேர் கொண்ட அணி. முகம் தெரியாத மூவர். எதிரி எங்கே நிற்கிறான் என்று மைக்கில் சொல்ல வேண்டும். அவள் வாய் திறந்ததும் 'பொண்ணுடா' என்று ஒரு குரல் வரும். அடுத்தது எண் கேட்கும். மூன்றாவது ஏசும். தோற்றால் அவளால், வென்றால் அவளைத் தூக்கிவிட்டதால். அதனால் பெண்கள் ஆண் பெயரில் ஆடுகிறார்கள், மைக்கை அணைத்துக்கொள்கிறார்கள். ஊரடங்கில் வகுப்புக்காக வீட்டுக்கு ஒரு கைபேசி வந்தபோது அண்ணனுக்கு விளையாட்டும் தங்கைக்குப் பாடமும் என்று பங்கு பிரிந்தது. மதன் செய்திக்குப் பிறகு அந்தப் பாடக் கைபேசியையும் பறித்துவைத்த வீடுகள் உண்டு. வசை பேசியவன் ஓர் ஆண், கைபேசி பறிபோனது ஒரு பெண்ணுக்கு. இதற்குப் பெயர்தான் பாதுகாப்பு!

'விளையாட்டை விளையாட்டாக எடுத்துக்கொள்' என்கிறார்கள். கபடிக் களத்தில் எதிரணிக்காரனின் தாயை இழுத்தால் நடுவர் வெளியே அனுப்புவார். இங்கே நடுவர் எங்கே? 'பிடிக்காவிட்டால் மியூட் செய்' என்கிறார்கள். காதைப் பொத்திக்கொண்டு அணியாக ஆட முடியாது. அதோடு, தவறு செய்கிறவனை விட்டுவிட்டுத் தாங்குகிறவளுக்கே வேலை வைக்கும் அறிவுரை அது. 'ஏழைகளுக்கு உதவியவர்தானே' என்றும் சொன்னார்கள். அன்னதானம் செய்கிற பண்ணையார் கூலிப்பெண்ணை ஏசலாம் என்கிற பழைய கணக்கின் புதிய பதிப்பு அது.

திறமை இருந்தால் மதிப்பார்கள் என்பது இன்னொரு பொய். தென்கொரியாவில் கெகுரி என்ற பெயரில் ஓவர்வாட்ச் ஆடிய 17 வயதுப் பெண்ணின் குறி அத்தனை துல்லியமாக இருந்தது. 2016இல் எதிரணி ஆண்கள் அவள் மென்பொருள் வைத்து ஏமாற்றுகிறாள் என்றார்கள், மிரட்டல்களும் வந்தன. கேமராவின் முன் உட்கார்ந்து நேரலையில் ஆடிக்காட்டி அவள் தன்னை நிரூபிக்க வேண்டியிருந்தது. 2018இல் ஓவர்வாட்ச் லீக்கின் முதல் பெண் ஆட்டக்காரராக அவர் ஒப்பந்தமானார். அங்கேயும் ஒரு பெண் தீக்குளித்துத்தான் உள்ளே வர முடிந்தது. சீதைக்கு இட்ட தேர்வு இன்னும் முடியவில்லை.

குண்டர் சட்டம் பாய்ந்ததைப் பெண்களின் வெற்றியாகக் கொண்டாடியவர்களுக்கும் ஒரு சொல். 1982இல் வந்த அந்தச் சட்டத்தில் திருட்டு வீடியோக்காரர்களை 2004இலேயே சேர்த்தார்கள். பாலியல் குற்றவாளிகளையும் இணையக் குற்றவாளிகளையும் சேர்க்க 2014 ஆனது. சினிமா முதலாளியின் நட்டம் பெண்ணின் காயத்தைவிடப் பத்தாண்டு முன்னதாக அரசின் கண்ணில் பட்டிருக்கிறது. மேலும், விசாரணையின்றி ஒருவரை அடைத்துவைப்பது நமக்கு நீதி ஆகாது. விசாரணை நடந்தால்தான் அடிபட்டவள் சாட்சிக்கூண்டில் ஏறிப் பேச முடியும். ஒருவரைத் தூக்கி உள்ளே போட்டதும் மற்ற லட்சம் பேரும் நல்லவர்களாகிக் கைபேசியை எடுத்துக்கொண்டு அடுத்த ஆட்டத்துக்குப் போய்விட்டார்கள்.

எனவே, நமக்கு வேண்டியவை தெளிவானவை. பெண்ணின் மானத்தை அவமதிக்கும் சொல்லைப் பாரதிய நியாய சன்ஹிதாவின் 79ஆம் பிரிவு குற்றம் என்கிறது. ஆபாசப் பிரிவுகளுக்குப் பின்னால் ஒளியாமல் இதன்கீழ் வழக்குப் பதியட்டும். சாதி சொல்லி ஏசினால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் சேரட்டும். கோடிகளில் சம்பாதிக்கும் விளையாட்டு நிறுவனங்கள் குரல்வழி வசைக்கும் பொறுப்பேற்கட்டும். தமிழ் வசை புரிகிற ஆள்களைப் புகார்ப் பிரிவில் அமர்த்தட்டும். ஏமாற்றி ஆடுகிறவனைக் கண்டுபிடித்து நீக்கத் தெரிந்த நிறுவனத்துக்கு ஏசுகிறவனை நீக்கத் தெரியாதா? பள்ளிகளும் கல்லூரிகளும் பெண் பிள்ளைகளுக்கு எச்சரிக்கைக் கூட்டம் போடுவதை நிறுத்திவிட்டு ஆண் பிள்ளைகளை உட்காரவைத்துப் பேசட்டும்.

தோழிகளே, நமக்கும் வேலை இருக்கிறது. ஆட்டத்தைத் திரையில் பதிவு செய்யுங்கள். தேசிய இணையக் குற்றப் புகார் தளத்தில் பெண்களுக்கு எதிரான குற்றங்களுக்குத் தனிப் பிரிவு உண்டு. பெயர் சொல்லாமலும் அதில் புகார் தரலாம். புகாரில் 'தகாத வார்த்தையால் திட்டினார்' என்று எழுதாதீர்கள். சொன்ன சொல்லைச் சொன்னபடியே எழுதுங்கள். அந்த அசிங்கம் எழுதுகிற கைக்கு ஒட்டாது, சொன்ன வாய்க்கே உரியது.

இடக்கரடக்கல் தமிழின் நாகரிகம்தான். குற்றவாளியின் சொல்லை மறைத்துக் காக்க அந்த நாகரிகத்தைச் செலவழிக்க வேண்டாம். மைக்கைப் போடுங்கள். பெண் பெயரிலேயே ஆடுங்கள். அணைத்துக்கொள்ள வேண்டியவர்கள் அவர்கள்.