பள்ளிக்கூடத்துக்குள் காவலர் வரும்போது

பிள்ளைகள் அல்லாஹ் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம். அவர்களை விசாரிக்கப் பள்ளிக்கூடத்துக்குள் காவலர் வரும் நாளில், அவருடைய அதிகாரத்தின் எல்லை எதுவென்று நம்மில் எத்தனை பெற்றோர் அறிந்திருக்கிறோம்?

2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் அந்த எல்லையை வகுத்துள்ளது. குற்றம் சாட்டப்பட்டாலும், 18 வயது நிறையாத பிள்ளையைக் காவல் நிலைய அறையிலோ சிறையிலோ அடைக்கக் கூடாது. சிறார் காவல் பிரிவிடமோ குழந்தைகள் நலக் காவல் அலுவலரிடமோ ஒப்படைத்து, 24 மணி நேரத்துக்குள் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் நிறுத்த வேண்டும். பெற்றோருக்குத் தெரிவிப்பது கடமை. விலங்கு பூட்டுவதற்கு 2016ஆம் ஆண்டின் விதிகளில் இடமில்லை.

வத்தல்மலை போன்ற மலைக் கிராமத்துப் பெற்றோருக்கு இந்த அறிவு இன்னும் அவசரமானது. வழக்கறிஞரை நாட அவர்கள் மலையிறங்கித் தருமபுரிக்குத்தான் வர வேண்டும். இதே மாவட்டத்தின் வாச்சாத்தியில் 1992 ஜூன் 20 அன்று சீருடையினர் எல்லை மீறியபோது சிறுமியரும் தப்பவில்லை. தண்டனைத் தீர்ப்புக்கு அம்மக்கள் 2011 வரை காத்திருந்தனர்.

தவறிழைத்த பிள்ளையை மறைக்கும்படி நாம் கூறவில்லை. உறவினருக்கு எதிராயினும் நீதியில் நிலைத்திருக்குமாறு அந்நிஸா அத்தியாயத்தின் 135ஆம் வசனம் நம்மைப் பணிக்கிறது. அந்த நீதி சீருடை அணிந்தவரையும் கட்டுப்படுத்தும்.

ஜும்ஆவுக்குப் பின் பத்து நிமிடங்களை இச்சட்டத்தை விளக்க நம் ஜமாஅத்துகள் ஒதுக்கட்டும். கற்றதை மலைவாழ் அண்டையாருக்கும் எடுத்துச் சொல்வோம். அண்டையாரின் உரிமையைப் பேணுவதும் ஈமானைச் சார்ந்ததே.