கணையாழிக் கல்லும் கைவிட்ட சொல்லும்

நிச்சயதார்த்தம் என்னும் வடசொல்லைத் தள்ளி, மணவுறுதி என்னும் தமிழ்ச்சொல்லை அவ்விடத்தில் வைத்திருக்க வேண்டிய தமிழன், எங்கேச்மெண்டு என்னும் ஆங்கிலச் சொல்லைக் கொண்டுவந்து வைத்தான். சொல் எதுவாயிருந்தால் என்ன, விழா ஒன்றுதானே என்பார் உளர். விழா ஒன்றாக இல்லை என்பதே உண்மை. வெற்றிலை பாக்கு மாற்றிப் பெரியோர் முன்னிலையில் வாய்மொழி தந்து முடித்த நிகழ்ச்சிக்கு, இன்று வயிரம் பதித்த கணையாழி இன்றியமையாத உறுப்பாகிவிட்டது. சொல் முன்னே வந்தது. செலவு பின்னே வந்தது.

சென்னைத் தியாகராயர் நகரிலோ, மதுரையிலோ, கோவையிலோ, ஒரு பெரிய நகைக்கடைக்குள் பள்ளியாசிரியர் ஒருவர் தம் மனைவியோடும் மகனோடும் நுழைவதாகக் கொள்க. வரவிருக்கும் மருமகளுக்குக் கணையாழி வாங்க வந்தவர்கள் இவர்கள். அம்மையாரின் கழுத்துச் சங்கிலியை அடகு வைத்த பணம் பையில் இருக்கிறது. விற்பவரும் தமிழிளைஞர், வாங்குபவரும் தமிழாசிரியர். ஆயினும் அங்கே நடக்கும் உரையாடல் எம்மொழியில்?

“சார், இது முப்பது செண்டு. வி.வி.எசு., ஈ.எஃப். கலர், எக்சலண்ட் கட். சர்ட்டிஃபிகேட் உண்டு சார்.”

ஆசிரியர் தலையாட்டுகிறார். அம்மையார் விளக்கொளியில் மின்னும் கல்லைப் பார்க்கிறார். மகன் விலைச்சீட்டைப் பார்க்கிறான். சொன்னவற்றுள் ஒன்றுகூட அம்மூவருக்கும் விளங்கவில்லை. விளங்கவில்லை என்று சொல்ல வெட்கம். அவ்வெட்கத்தின் மேல்தான் அந்த வணிகம் நடைபெறுகிறது.

அப்படி என்ன அரிய மறைபொருள் அச்சொற்களுக்குள் இருக்கிறது? செண்டு என்பது காரட்டு என்னும் எடையின் நூற்றிலொரு பங்கு. ஒரு காரட்டு 200 மில்லிகிராம். எனவே முப்பது செண்டு என்பது 60 மில்லிகிராம். ஒரு கிராமில் பதினாறில் ஒரு பங்குக்கும் குறைவு. ‘ஈ.எஃப். கலர்’ என்பது நிறமின்மையைக் குறிக்கும் படிநிலை. ஆங்கில நெடுங்கணக்கின் நான்காம் எழுத்தில் தொடங்கி இறுதி எழுத்துவரை செல்லும் அவ்வரிசையில், பின்னே செல்லச் செல்லக் கல்லில் மஞ்சள் ஏறும். ‘வி.வி.எசு.’ என்பது பத்து மடங்கு பெருக்கிக் காட்டும் ஆடியால் நோக்கினும் காண்பதற்கு அரிய மிகமிகச் சிறு மாசு உடையது என்பது. ‘கட்’ என்பது பட்டை தீட்டிய செம்மை. எடை, நிறம், மாசு, பட்டை: இந்நான்கே வயிரத்தின் விலையை உறுதி செய்வன. இந்நான்கில் எச்சொல் தமிழனுக்குப் புதிது? எச்சொல்லைக் கடையில் சொல்ல முடியாது?

இச்சொற்கள் தமிழில் இல்லை என்று கூறுவோர் சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதையைப் புரட்டிப் பார்க்கட்டும். மதுரையின் மணிக்கடைத் தெருவைக் காட்டுமிடத்தில், வயிரத்துக்கு உரிய நால்வகைக் குற்றங்களை இளங்கோவடிகள் பெயர் சுட்டி எண்ணுகின்றார். காக்கைக் கால் போன்ற வடு, கறை, புள்ளி, கீற்று என அவற்றை இன்றைய தமிழில் கூறலாம். இன்று ஆய்வுக்கூடச் சான்றிதழ் ‘கிளாரிட்டி’ என்று ஆங்கிலத்தில் அச்சிட்டுத் தரும் செய்தியும் அதுவேயன்றோ? அமெரிக்க மணியியல் நிறுவனம் தன் தரப்படுத்தும் முறையை வகுத்தது 1950களில். அதற்குப் பல நூற்றாண்டு முன்னரே கல்லின் குற்றம் இன்னின்னது என்று தமிழ்க் காப்பியம் எழுதி வைத்தது. எழுதி வைத்தவனின் வழிவந்தவனே இன்று கடைப்பலகையின் முன் நின்று விழிக்கிறான்.

ஏட்டில் மட்டுமன்று, கையிலும் இக்கலை இருந்தது. திருச்சிராப்பள்ளி, புதுக்கோட்டை வட்டாரங்களில் செயற்கைக் கற்களுக்குப் பட்டை தீட்டும் தொழில் ஏராளமான குடும்பங்களுக்குச் சோறிட்டது. பட்டை, சாணை, நீரோட்டம் என்னும் சொற்கள் அவ்வீட்டுத் திண்ணைகளில் நாள்தோறும் வழங்கின. அயல்நாட்டு எந்திரத்தில் வெட்டிய மலிவுக் கற்கள் வந்து குவிந்தபின் அத்தொழில் நலிந்தது. தொழிலாளி கைவிட்ட சொல்லைக் கடைக்காரன் எடுத்துக்கொள்ளவில்லை. ஆங்கிலச் சொல்லை எடுத்துக்கொண்டான். தொழிலோடு சொல்லும் சேர்ந்து நலிந்தது.

இனி, வயிரக் கணையாழி இல்லாமல் மணவுறுதி இல்லை என்னும் எண்ணம் எங்கிருந்து வந்தது? அகநானூற்றின் 86ஆம் பாடலும் 136ஆம் பாடலும் பழந்தமிழர் மணத்தைப் படம்பிடித்துக் காட்டுகின்றன. பந்தல் உண்டு, உற்றார்க்கு உணவு உண்டு, 86ஆம் பாடலில் மகளிர் நீரும் பூவும் நெல்லும் சொரிந்து வாழ்த்துதல் உண்டு. வயிரக் கணையாழி இல்லை. இடைக்காலத்திலும் இல்லை. பாட்டன் பாட்டி காலத்திலும் பெரும்பாலான குடிகளில் இல்லை.

அது பிறந்த இடம் வேறு. தென்னாப்பிரிக்காவில் 1867இல் வயிரம் கண்டெடுக்கப்பட்டது. அங்குள்ள சுரங்கங்களை ஒரு குடைக்கீழ்க் கொண்டுவர டி பீர்சு என்னும் குழுமத்தை 1888இல் செசில் ரோட்சு என்னும் ஆங்கிலேயன் அமைத்தான். கற்கள் மிகுதியாகக் கிடைத்தால் விலை விழும். விலை விழாதிருக்கக் கற்களைப் பூட்டிவைத்துச் சிறிது சிறிதாக வெளியிடுவது அக்குழுமத்தின் வழி. பூட்டிவைப்பது மட்டும் போதவில்லை. விருப்பத்தையும் விளைவிக்க வேண்டியிருந்தது. அதற்காக 1938இல் அமெரிக்க விளம்பர நிறுவனம் ஒன்றை அமர்த்தினர். அந்நிறுவனத்தில் பணியாற்றிய பிரான்சசு கெரெட்டி என்னும் பெண்மணி 1947இல் ஆக்கிய விளம்பர வரியே, வயிரம் என்றென்றைக்கும் நிலைப்பது என்னும் பொருள்பட உலகெங்கும் பரவியது. காதல் நிலைக்கவேண்டுமெனில் கல் வேண்டும் என்று அமெரிக்கரை நம்பவைத்தனர். 1967 முதல், அவ்வழக்கமே இல்லாத சப்பானியரையும் நம்பவைத்தனர். இன்று தமிழனும் நம்புகிறான். ஒரு நாட்டு விளம்பரம் இன்னொரு நாட்டுச் சடங்காக மாறிய வரலாறு இது.

தமிழ்நாட்டில் வயிரமே இல்லையா, ஏழுகல் தோடும் பேசரியும் தமிழ்ப்பெண்டிர் அணியவில்லையா என்று வினவலாம். அணிந்தனர், மறுப்பார் இலர். ஆயின் செல்வர் வீட்டு அணிகலனாக அவை இருந்தன; மணம் பேசுவதற்கு நுழைவுச் சீட்டாக இருக்கவில்லை. வாங்கியவரும் வழிவழியாக அறிந்த கடைக்காரரிடம் வாங்கினர். கல்லை வீட்டுக்குக் கொண்டுவந்து, பகலொளியில் பலருக்கும் காட்டி, சில நாள் வைத்திருந்து பார்த்தபின் பணம் தந்தனர். அவ்வாறு வைத்திருந்து பார்த்ததில் மூடநம்பிக்கை கலந்திருந்தது உண்மையே. கல் ஆகும், ஆகாது என்னும் அச்சத்தை விலக்கிவிட்டு, பொறுத்திருந்து பார்க்கும் அறிவை மட்டும் வைத்துக்கொண்டிருக்கலாம். தமிழனோ அறிவைத் தொலைத்துவிட்டு அச்சத்தை வைத்துக்கொண்டான். வி.வி.எசு. என்றதும் தலையாட்டுகிறான், ஆகாத கல்லோ என்று கணியனிடமும் ஓடுகிறான்.

இதனால் விளையும் இழப்பு பணத்தில் எவ்வளவு என்பதையும் காண்க. பொன்னுக்கு நாள்விலை உண்டு. காலைச் செய்தித்தாளில் எவரும் படிக்கலாம். பொன்னணிக்கு நடுவணரசின் தரமுத்திரை உண்டு. 2023 ஏப்பிரல் முதல் ஆறு எழுத்தெண் கொண்ட தனிக்குறி இன்றி முத்திரைப் பொன்னணி விற்கலாகாது. வயிரத்துக்கு அத்தகைய நாள்விலை செய்தித்தாளில் இல்லை. கடை சொன்னதே விலை. திரும்ப விற்கச் சென்றாலோ, பெரும்பாலும் வாங்கிய கடையே, தான் தந்த விலைச்சீட்டைக் காட்டினால், தான் விதித்த கழிவோடு எடுத்துக்கொள்ளும். பிற கடைகள் தயங்கும். நோய்க்கோ, மகளின் படிப்புக்கோ அக்கணையாழியை வங்கியில் அடகு வைக்கச் சென்றால், கல்லின் எடையைக் கழித்துவிட்டுப் பொன்னுக்கு மட்டுமே கடன் தருவர். அம்மையார் அடகு வைத்த சங்கிலி முழுவதும் பொன். அதற்கு ஈடாக வந்ததில் வங்கி மதிப்பது ஒரு மெல்லிய வளையத்தை மட்டுமே. என்றென்றைக்கும் நிலைப்பது என்று விற்ற கல்லுக்கு அடகு வைக்கும் மேசையின்மேல் ஒரு காசு மதிப்பும் இல்லை!

இப்பொழுது இன்னொரு செய்தியும் சேர்ந்துகொண்டது. ஆய்வுக்கூடத்தில் வளர்த்த வயிரம் கடைக்கு வந்துவிட்டது. அதுவும் கரிமமே, அதே கடினம், அதே ஒளி. வெறுங்கண்ணால் எவரும் வேறுபடுத்தவியலாது. அதனை வளர்க்கும் ஆய்வுக்காக 2023இல் சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்துக்கு நடுவணரசு ஐந்தாண்டு நல்கை அறிவித்தது. அண்மை ஆண்டுகளில் அக்கல்லின் விலை பெரிதும் சரிந்துவிட்டது. மண்ணில் விளைந்ததா, கூடத்தில் வளர்ந்ததா என்பதைத் தெளிந்த தமிழில் கேட்டு, விடையை எழுத்தில் பெறாதவன், ஒன்றின் விலையைத் தந்து மற்றொன்றை வாங்கி வரக்கூடும். தலையாட்டுதல் இங்கே பேரிழப்பில் முடியும்.

கடைக்காரரை மட்டும் குறைகூறிப் பயனில்லை. நேர்மையான வணிகர் பலர் உளர். வாங்குவோன் தமிழில் கேட்டால் தமிழில் விடைதர அவர்க்குத் தடையில்லை. கேட்பாரில்லை என்பதே குறை. பெயர்ப்பலகையில் தமிழ் முதன்மையாக இருக்கவேண்டும் என்று தமிழ்நாட்டரசு விதி செய்திருக்கிறது. வாயிலில் தமிழ் நின்றால் போதுமா? உள்ளே விலைச்சீட்டில் நிற்க வேண்டாவா? வாயிலில் நிற்கும் தமிழ் அழகுக்கு. விலைச்சீட்டில் நிற்கும் தமிழே வாங்குவோனின் காப்புக்கு.

ஆதலின் கடைக்குச் செல்வோர் செய்யவேண்டுவன இவை. எடை எவ்வளவு, நிறம் எப்படிநிலை, மாசு எங்கே, பட்டை எத்தரம் என நான்கையும் தமிழில் கேட்க. மாசைச் சான்றிதழின் வரைபடத்திலும் உருப்பெருக்கும் ஆடியிலும் காட்டச் சொல்க. சான்றிதழின் எண் கல்லின் விளிம்பில் பொறிக்கப்பட்டிருப்பின் அதனோடு ஒத்துப் பார்க்க. கடைவிளக்கின் கீழ் எக்கல்லும் மின்னும். வெளியே பகலொளியில் கொண்டுவந்து காண்க. மொத்த எடை, கல்லெடை, பொன்னெடை மூன்றும் தனித்தனியே விலைச்சீட்டில் வரட்டும். செய்கூலியும் சேதாரமும் தனியே வரட்டும். திரும்ப எடுக்கும் முறையும் எழுத்தில் வரட்டும். ஒரு பெருங்கல்லின் விலை, அதே மொத்த எடையுள்ள இரு சிறுகற்களின் விலையினும் மிகுதி என்பதை நினைவிற் கொள்க. இவற்றுக்கு விடைதர மறுக்கும் கடையின் படியிறங்கி, அடுத்த கடைக்குச் செல்க.

இவற்றுக்கெல்லாம் மேலாக, கல் வேண்டுமா என்பதை வீட்டிலேயே கேட்டு முடிவு செய்க. இருவர் மனமும் ஒத்து, பெற்றோர் சொல்லும் உறுதிப்பட்டபின், ஒரு பொன் கணையாழி போதாதா? அதுவும் இயலாத வீட்டில் வெற்றிலை பாக்கும் வாய்மொழியும் போதாவா? சங்கிலியை அடகு வைத்துத்தான் உறுதி செய்ய வேண்டும் எனில், அது மணத்துக்கு உறுதியா, கடனுக்கு உறுதியா?

மரத்தின் நடுவே முற்றி இறுகிய பகுதியையும் தமிழர் வயிரம் என்றே வழங்குவர். வயிரம் பாய்ந்த கட்டையைக் கறையான் எளிதில் அரிக்காது என்பது தச்சரும் உழவரும் அறிந்தது. அவ்வயிரம் கடையில் கிடைப்பதன்று. ஆண்டுக்கணக்கில் உள்ளிருந்து விளைவது. குடும்பத்துக்கும் அத்தகைய வயிரமே வேண்டும். மொழிக்கும் அதுவே வேண்டும்.

சொல்லுக்கு உரியதும் பொருள். செல்வத்துக்கும் பெயர் பொருள். சொல்லை இழந்தவன் இருபொருளையும் இழப்பான். கடைப்பலகையின் முன் நிற்கும் தமிழன் முதலில் தன் சொல்லை மீட்கட்டும்; அவன் பொருள் அவனிடமே நிற்கும்.