எம்பி4 என்பது பார்வைப்படி, மூலப்படி அன்று

சித்தூர், திருப்பதி வட்டாரத்துத் தெருக்கூத்துப் பதிவுகளைக் காப்பதாகச் சொல்லிக்கொண்டே நாம் அவற்றை அழித்து வருகிறோம். கடுமையான கூற்றுதான். காரணங்களை முன்வைக்கிறேன், மறுப்பவர்கள் மறுக்கலாம்.

இவ்வட்டாரத்துத் திரௌபதி அம்மன், தர்மராஜர் கோயில்களின் பாரத விழாக்களில் பகலில் கதையுரை, இரவில் விடியவிடியக் கூத்து, இறுதியில் துரியோதனன் படுகளம், தீமிதி எனத் தமிழும் தெலுங்கும் ஊடாடும் ஒரு மரபு வாழ்கிறது. இவ்விழாக்களின் பழைய பதிவுகள் பல, உள்ளூர் வீடியோக்காரர்கள் எழுதிக் கொடுத்த டிவிடி வட்டுகளாகவே நமக்குக் கிடைக்கின்றன. அவற்றுக்கு நாம் செய்யும் 'மின்னுருவாக்கம்' என்ன? வட்டை ஐஎஸ்ஓ கோப்பாக எடுக்கிறோம். ஹேண்ட்பிரேக் போன்ற மென்பொருளில் இட்டு எம்பி4 ஆகச் சுருக்குகிறோம். பிறகு இடத்தை அடைப்பதாகச் சொல்லி ஐஎஸ்ஓவை நீக்கிவிடுகிறோம். இந்தக் கடைசிச் செயலையே நான் எதிர்க்கிறேன்.

டிவிடியில் உள்ள எம்பெக்-2 காட்சியே ஏற்கெனவே சுருக்கப்பட்டது. அதை மீண்டும் சுருக்கும்போது எதை விடலாம் என்பதை மென்பொருள் தீர்மானிக்கிறது. மங்கிய ஒளியில் எடுத்த இரவுக் காட்சியில் அது முதலில் மழுப்புவது நுண்விவரங்களை. கூத்தரின் முகவண்ணக் கோடுகளும் புஜக்கட்டையின் வேலைப்பாடும் அங்கேதான் இருக்கின்றன.

இதைவிடப் பெரிய இழப்பு காலத்தில் நிகழ்கிறது. நம் நாட்டு பால் முறை வீடியோவில் நொடிக்கு 25 சட்டங்கள். சாதாரண கேம்கார்டர் பதிவில் ஒவ்வொரு சட்டமும் வெவ்வேறு கணத்தில் பதிந்த இரு புலங்களின் பின்னல். ஆக, ஒரு நொடிக்குள் 50 கணங்கள் உள்ளன. பின்னலைப் பிரித்து 25 சட்டங்களாக ஆக்கும் வழக்கமான அமைப்பில் பாதிக் கணங்கள் தொலைகின்றன. பொழுதுபோக்காகப் பார்ப்பவருக்கு இது தெரியாது. சுழன்றாடும் கூத்தரின் அடவையும் மிருதங்கச் சொல்லையும் ஒப்பிட்டு ஆராயும் மாணவருக்கு, தொலைந்தது தரவு.

இடமில்லை என்பார்கள். ஓரடுக்கு டிவிடியின் கொள்ளளவு 4.7 ஜிபி. 200 வட்டுகளும் நிறைந்திருந்தாலும் 940 ஜிபிதான். ஒரு டெராபைட் வன்தட்டில் அடங்கிவிடும். ஒரு கருத்தரங்கின் மதிய உணவுச் செலவுக்கு முன் இது ஒரு செலவா?

ஐஎஸ்ஓவை யார் திறக்கப்போகிறார்கள் என்பார்கள். இலவசமான விஎல்சியே திறக்கும். மூல வட்டு அலமாரியில் இருக்கிறதே என்பார்கள். வீட்டிலும் கடையிலும் எழுதப்பட்ட டிவிடி-ஆர் வட்டில் தகவலைத் தாங்குவது ஒரு கரிமச் சாயப் படலம். வெப்பத்திலும் ஒளியிலும் அது சிதையும். வட்டு படிக்க முடியாமல் போகும் நாளில் ஐஎஸ்ஓ ஒன்றே மூலத்தின் எச்சம்.

அன்னமாச்சாரியாரின் சங்கீர்த்தனங்கள் திருமலையில் செப்பேடுகளில் பொறித்து வைக்கப்பட்டன. பின்னர் நூல்களாக அச்சேறின. அச்சுநூல் வந்துவிட்டதே, இனிச் செப்பேடுகளை உருக்கிவிடலாம் என்று இன்று சொல்ல எந்தப் பேராசிரியருக்காவது துணிவு வருமா? கூத்துக்கலைஞரின் ஆட்டம் என்றால் மட்டும் அந்தத் துணிவு எப்படி வருகிறது? தொழில்நுட்பத்தின் பெயரில் நாம் காட்டுவது பழைய தராதர மனப்பான்மையைத்தான்.

செய்ய வேண்டியது எளிது. ஒவ்வொரு வட்டுக்கும் ஐஎஸ்ஓ எடுங்கள். அதன் சரிபார்ப்புத் தொகையை எழுதி வையுங்கள். சித்தூரில் ஒரு படி, திருப்பதியில் ஒரு படி என இரண்டு ஊர்களில் வையுங்கள். அதன்பின் வகுப்பறைக்கும் கைப்பேசிக்கும் எத்தனை எம்பி4 வேண்டுமானாலும் ஆக்குங்கள். ஆய்வேட்டில் மேற்கோள் காட்டும்போது எந்தப் படியைப் பார்த்தீர்கள் என்பதையும் குறிப்பிடுங்கள். சுவடிக்குப் பாடபேதம் பார்க்கும் துறை, காட்சிக்கும் அந்த ஒழுங்கைக் கடைப்பிடிக்கட்டும்.