அமெரிக்க மூதவையும் கட்சிப் பிணக்கும்

ஐக்கிய அமெரிக்காவில் 2025 ஆம் ஆண்டு அரசாங்கப் பணிகள் 43 நாள் முடங்கிக் கிடந்தன. இரு கட்சியாரும் ஒருவரையொருவர் பழித்தனர். இவர்கள் ஒன்றுபடுதல் கனவே என்பார் 1964 ஆம் ஆண்டினை நோக்குவாராக.

அவ்வாண்டு குடியியல் உரிமைச் சட்டமூலம் மூதவையில் ஓயாப் பேச்சினால் வாரக்கணக்கிற் றடைப்பட்டது. தடுத்தோருட் பெரும்பாலார் பெரும்பான்மைக் கட்சியாகிய சனநாயகக் கட்சியின் தென்மாநிலத்தவரே. பேச்சை நிறுத்த மூன்றில் இரு பங்கு வாக்கு வேண்டும். அக்கட்சியின் ஹம்பிரி, எதிரணியாகிய குடியரசுக் கட்சியின் தலைவர் டேர்க்சனை நாடினார். சட்டமூலத்தின் வாசகத்தைத் திருத்த இடங்கொடுத்தார். புகழும் அவரைச் சாருமாறு விட்டார். யூன் 10 இல் 71 வாக்குகள் சேர்ந்தன. அவற்றுள் 27 குடியரசுக் கட்சியாருடையவை. நோயினாற் பேச்சிழந்திருந்த எங்கிள் என்னும் உறுப்பினர் தம் கண்ணைச் சுட்டி வாக்களித்தார். ஆங்கிலத்திலே கண்ணைக் குறிக்குஞ் சொல்லும் இசைவைக் குறிக்குஞ் சொல்லும் ஒலியால் ஒன்றே. இதனினுஞ் சிறந்த சிலேடை யாம் அறியோம்.

இன்று பெரும்பாலான சட்டமூலங்களுக்கு 60 வாக்கு வேண்டும் என்னும் விதியே முடக்கத்துக்குக் காரணம் என்பர். அன்றைய விதி இதனினுங் கடியது. எதிரணிக்குப் புகழிற் பங்கு கொடுக்கும் மனமே அருகிவிட்டது என்பது எம் கருத்து. டேர்க்சனின் திருத்தங்களாற் சட்டம் நலிந்தது என்பாரும் உளர். நலிந்ததாயினும், கறுப்பினத்தார்க்கு அடைத்திருந்த உணவுச்சாலைக் கதவுகளைத் திறப்பித்தது அச்சட்டமே.